மூன்று வயதில் இறந்தவருக்கு ஏழு பிள்ளைகள்: 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மூதாதையரைத் தேடப் போகிறவர்களுக்கு

என் மாமனார் வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர்க்காரர். எண்பது வயது நிறைந்தபோது என்ன பரிசு வேண்டும் என்று கேட்டோம். "என் தாத்தாவின் தாத்தா யார் என்று கண்டுபிடித்துச் சொல், அது போதும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒரு வார வேலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். பதினான்கு மாதம் ஆயிற்று. அதில் எட்டு மாதம் நான் தேடிக்கொண்டிருந்தது வேறொரு குடும்பத்தை. நான் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம் என்பதற்காகத்தான் இது.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தின் பதிவுகளும் அவற்றுக்கான இணையதளமும் தனி.

1. வீட்டுப் பரணிலிருந்து தொடங்குங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் பெரியவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். பெயர், ஊர், தொழில், எந்தத் தேவாலயம் என்ற நான்கையும் கேளுங்கள். பழைய பைபிளின் முதல் பக்கம், இறுதிச் சடங்கு அட்டை, ராணுவப் பதக்கத்தின் விளிம்பில் பொறித்த பெயர், கல்லறை ரசீது என எது கிடைத்தாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் சொல்லும் கதைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள். "நாங்கள் ஒரு பிரபுவின் வழி வந்தவர்கள்" என்ற கதை ஏறக்குறைய எல்லா ஆங்கிலேயக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் வீட்டுப் பிரபு கடைசியில் பருத்தி நெசவாளராக இருந்தார்.

வழியில் பார்க்கும் ஒவ்வொரு பதிவையும் எங்கே, எந்தத் தேதியில், என்ன தேடிப் பார்த்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கிடைக்காதவற்றையும் எழுதுங்கள். ஒரே பதிவேட்டை நான் மூன்று முறை முதலிலிருந்து புரட்டியது நோட்டு வைத்துக்கொள்ளாததால்தான்.

2. 1921இல் தொடங்கி, பத்துப் பத்து ஆண்டாகப் பின்னே போங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, 1830இல் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கி வருவது. தெரிந்தவரிடமிருந்து தெரியாதவரிடம், ஒரு தலைமுறை ஒரு தலைமுறையாகப் போவதுதான் வழி. நடுவில் ஒரு படியைத் தாண்டினாலும் விழுவீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் நூறு ஆண்டு மூடிவைக்கப்படும். அதனால் இன்று நாம் பார்க்கக்கூடிய கடைசிக் கணக்கெடுப்பு 1921. அங்கிருந்து 1911, 1901, 1891, 1881, 1871, 1861, 1851, 1841 என்று இறங்கலாம். 1841க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் பெரும்பாலும் தலைகளை எண்ணினார்களே தவிர, பெயர்களைச் சேர்த்து வைக்கவில்லை.

எங்கே பார்ப்பது? ஃபேமிலி சர்ச் இணையதளம் இலவசம். கணக்குத் தொடங்கினால் போதும். ஃப்ரீசென் தளமும் இலவசம், ஆனால் எல்லா மாவட்டங்களும் அதில் இல்லை. மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்க ஆன்செஸ்ட்ரி அல்லது ஃபைண்ட் மை பாஸ்ட் தேவைப்படும். இவை சந்தாத் தளங்கள். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்களின் கணினிகளில் இவற்றில் ஒன்றை இலவசமாகப் பயன்படுத்தலாம். லண்டன் பக்கத்தில் இருப்பவர்கள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனால் இரண்டையுமே காசில்லாமல் பார்க்கலாம்.

இலவச முன்னோட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. பதினான்கு நாள் இலவசம் என்று சேர்ந்தேன். பதினைந்தாம் நாள் ஒரு முழு ஆண்டுச் சந்தா என் அட்டையிலிருந்து போய்விட்டது. சேர்ந்த அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவையுங்கள். அதைவிட நல்ல வழி, தேட வேண்டியதையெல்லாம் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு ஒரே ஒரு மாதச் சந்தா எடுத்து, அந்த மாதம் மட்டும் இரவில் கொஞ்சம் கண்விழிப்பது.

3. கணக்கெடுப்புப் பக்கத்தை வாசிப்பது

1851 முதல் ஒவ்வொரு வீட்டிலும் ஆட்களின் பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மணமானவரா, வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் இருக்கும். 1841 மட்டும் கஞ்சத்தனமானது: உறவு இல்லை, பிறந்த ஊர் இல்லை, 'இதே மாவட்டத்தில் பிறந்தாரா' என்பதற்கு ஆம், இல்லை மட்டுமே. பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். எனவே 1841இல் 30 என்றிருப்பவர் 30 முதல் 34 வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த விதியையும் எல்லாக் கணக்கெடுப்பாளர்களும் பின்பற்றவில்லை.

வயதைக் கணக்கிடும்போது கணக்கெடுத்த தேதியைப் பாருங்கள். 1851இல் அது மார்ச் 30. அன்று 22 வயது என்றால் 1828 மார்ச் கடைசிக்கும் 1829 மார்ச் கடைசிக்கும் நடுவில் பிறந்திருக்க வேண்டும். '1829' என்று இணையதளம் தானாகக் கழித்துக் காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதே பொய்யாகவும் இருக்கும். எங்கள் குடும்பத்துப் பெண் ஒருவருக்குப் பத்து ஆண்டில் ஏழு வயதுதான் ஏறியிருந்தது. கணவர் அவரைவிட இளையவர், காரணம் புரிகிறது.

உறவுச் சொற்களில் கவனம் தேவை. 'சன் இன் லா' என்று எழுதியிருந்தால் மருமகன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏழு வயதுப் பையனுக்கு ஏது மாமனார்? அந்தக் காலத்தில் மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளையையும் அப்படித்தான் எழுதினார்கள். 'மதர் இன் லா' மாற்றாந்தாயாகவும் இருக்கலாம். 'ஸ்காலர்' என்றால் பண்டிதர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. 'ஆக் லாப்' என்பது பண்ணைக் கூலியின் சுருக்கம்.

பெயர் கிடைக்கவில்லையா? அவர்கள் இல்லை என்று அர்த்தமில்லை. மாமனாரின் குடும்பப் பெயர் 'எச்' எழுத்தில் தொடங்குவது. லங்காஷயர் வாயில் அந்த எழுத்து நிற்காது. கேட்டவர் கேட்டபடி எழுதினார், பின்னாளில் கணினியில் ஏற்றியவர் தெரிந்தபடி வாசித்தார். 1871இல் அவர்களைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கடைசியில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, மனைவியின் முதல் பெயர், வயது, பிறந்த ஊர் மூன்றையும் மட்டும் போட்டேன். இரண்டாவது வரியிலேயே நின்றார்கள். இரட்டை எஸ்ஸில் முதலாவதை நீட்டி எழுதும் பழைய வழக்கமும் உண்டு. அது பார்வைக்கு எஃப் போலத் தெரியும். 'ஜெஸ்ஸி' பட்டியலில் 'ஜெஃப்சி' ஆகிக் கிடப்பாள்.

செல்லப் பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பாலி (Polly) என்றால் மேரி, நான்சி என்றால் ஆன், சாலி என்றால் சாரா, பெகி என்றால் மார்கரெட், ஜாக் என்றால் ஜான், ஹாரி என்றால் ஹென்றி. நம் வீடுகளில் பத்திரத்தில் ஒரு பெயர், கூப்பிடுவது ஒரு பெயர் என்று இருப்பதைப் போலத்தான்.

1911 தாளைத் தவறவிடாதீர்கள். குடும்பத் தலைவர் தம் கையாலேயே நிரப்பிய படிவம் அப்படியே இருக்கிறது. மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்றும் கேட்டிருந்தார்கள். எங்கள் தாளில் ஒன்பது, ஐந்து, நான்கு என்று இருந்தது. அந்த 'நான்கு' மட்டும் மற்ற எண்களைவிடச் சிறிதாக எழுதப்பட்டிருந்தது. கேள்விப்பட்டே இராத நான்கு பிள்ளைகளைத் தேட வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

4. சான்றிதழ்: எதை வாங்குவது, எதை விடுவது

அரசாங்கப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்குகிறது. ஜி.ஆர்.ஓ. எனப்படும் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் பிறப்பு, இறப்பு அட்டவணைகளைத் தேடலாம். பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் 1837 முதலே இருக்கிறது. இது பெரிய வரம். மற்ற தளங்களில் உள்ள பழைய அட்டவணையில் 1911க்குப் பிறகுதான் அது வரும். தாயின் பெயர் தெரிந்தால் ஒரு குடும்பத்தின் எல்லாப் பிள்ளைகளையும் காசு கட்டாமலே வரிசையாகச் சேர்த்துவிடலாம். அந்த இடத்தில் வெறும் கோடு இருந்தால் பெரும்பாலும் தாய் மணமாகாதவர்.

நான் இதை எழுதும்போது கட்டணம் இப்படி: அச்சுச் சான்றிதழ் 12.50 பவுண்டு, மின்கோப்பு 8 பவுண்டு, பதிவின் படம் மட்டும் 3 பவுண்டு. படம் பணம் கட்டிய உடனே திரையில் வந்துவிடும். மற்றவற்றுக்குச் சில வேலை நாள்கள் ஆகும். நூறாண்டு கடந்த பிறப்புகளுக்கும், 1887 வரையான இறப்புகளுக்கும் படம் கிடைக்கும். குடும்ப வரலாற்றுக்கு 3 பவுண்டுப் படமே தாராளம். இது தெரியாமல் ஆறு அச்சுச் சான்றிதழ்கள் வாங்கினேன், 75 பவுண்டு. ஆறும் தவறான ஆளின் குடும்பம் என்பது பிறகு தெரிந்தது. தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் இடைத்தரகர் தளங்கள் இதே தாளுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்கும். அரசுத் தளத்தில் மட்டும் வாங்குங்கள்.

திருமணத்துக்கு 12.50 பவுண்டு அச்சுத் தாள் மட்டும்தான். ஆனால் தேவாலயத்தில் நடந்த திருமணம் என்றால் பொறுங்கள். 1837க்குப் பின் தேவாலயப் பதிவேட்டிலும் அரசாங்கப் பதிவிலும் இருப்பது ஒரே விவரம். அந்தப் பதிவேட்டின் படம் சந்தாத் தளத்தில் இருந்தால் சான்றிதழ் வாங்கத் தேவையே இல்லை. அதோடு மணமக்களின் அசல் கையெழுத்தையோ, எழுதத் தெரியாதவர் போட்ட பெருக்கல் குறியையோ நேரில் பார்க்கலாம்.

அட்டவணையில் மூன்று இடங்களில் ஏமாறுவீர்கள். ஒன்று, அதில் இருப்பது பதிவு செய்த காலாண்டு, பிறந்த நாள் அல்ல. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு என்பதால் பிப்ரவரிக் குழந்தை ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் இருக்கலாம். இரண்டு, ஊர்ப் பெயர் இருக்காது, பதிவு மாவட்டம்தான் இருக்கும். அக்ரிங்டனில் பிறந்தவரை ஹாஸ்லிங்டன் என்ற பெயரின் கீழ்தான் தேட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று, 1875க்கு முன் பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் உண்டு. கிடைக்கவில்லை என்றால் ஞானஸ்நானப் பதிவுக்குப் போங்கள்.

திருமண அட்டவணைக்கு ஃப்ரீ பி.எம்.டி. தளம் போதும், முழுக்க இலவசம். பக்க எண்ணை அழுத்தினால் அதே பக்கத்தில் பதிவானவர்களின் பெயர்கள் எல்லாம் வரும். மணமகள் அவர்களில் ஒருத்தி.

5. 1837க்கு முன்: பாரிஷ் பதிவேடுகள்

பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி, நம்மூர்க் கத்தோலிக்கர் 'பங்கு' என்று சொல்வதுதான். ஒவ்வொன்றிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்று பதிவேடுகள். 1813 முதல் ஞானஸ்நானமும் அடக்கமும் அச்சடித்த படிவத்தில், பக்கத்துக்கு எட்டுப் பதிவுகள். ஞானஸ்நானத்தில் பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தந்தையின் தொழில், நடத்தியவர் பெயர் இருக்கும். அடக்கத்தில் பெயர், குடியிருப்பு, தேதி, வயது இருக்கும். அந்த வயதுக் கட்டம்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவுக் கட்டணத்துக்குப் பயந்தோ, சோம்பலாலோ நான்கு பிள்ளைகளை ஒரே ஞாயிறு கொண்டுபோய் நிறுத்திய குடும்பங்கள் உண்டு.

திருமணப் பதிவேட்டோடு ஓலைப் பதிவேட்டையும் பாருங்கள். ஓலை என்பது நடக்கப்போகும் திருமணத்தைத் தேவாலயத்தில் வாசித்து அறிவிப்பது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் வழக்கம் நம் சபைகளிலும் உண்டு. மணமகனும் மணமகளும் வேறு வேறு பாரிஷ் என்றால் இரண்டு இடத்திலும் ஓலை வாசித்திருப்பார்கள். மணமகன் எங்கிருந்து வந்தவர் என்பது அதில் தெரிந்துவிடும்.

குடும்பம் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று வேறு சபையாக இருந்தால் ஞானஸ்நானம் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் பதிவேட்டில் இல்லாமல் போகலாம். 1837 வரையான அந்தச் சபைகளின் பதிவேடுகள் பல தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 4 என்ற வரிசையில் இருக்கின்றன. ஆனால் 1754க்கும் 1837க்கும் நடுவில் யூதர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தவிர எல்லோரும் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் மணம் முடித்தாக வேண்டும். அதனால் திருமணத்தை அங்கே தயங்காமல் தேடுங்கள்.

இலவசமாகத் தேட ஃப்ரீ ரெக் தளம், ஃபேமிலி சர்ச் இரண்டும் உண்டு. லங்காஷயருக்கு மட்டும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் தளம் அருமையானது. எதில் கிடைத்தாலும் அது யாரோ பார்த்து எழுதிய படி என்பதை மறக்காதீர்கள். மூலப் பக்கத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

6. ஆள் அவர்தானா? முதலில் சாகடித்துப் பாருங்கள்

நான் கவிழ்ந்த இடம் இது. எங்கள் ஆள் 1851இல் 22 வயது நெசவாளர், மணமாகாதவர். அவர் சொன்ன பாரிஷில் அதே பெயரில் இரண்டு ஞானஸ்நானங்கள். ஒன்று 1828 மே, இன்னொன்று 1829 பிப்ரவரி. வயது இரண்டுக்கும் பொருந்தியது. முதலாவதில் தந்தை விவசாயி. இரண்டாவதில் தொழில் கட்டத்தில் மை பரவி எதுவும் தெரியவில்லை.

மற்றவர்கள் இணையத்தில் போட்டிருந்த வம்ச மரங்களைப் பார்த்தேன். எல்லாரும் 1828ஐத்தான் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். 1852ஆம் ஆண்டுத் திருமணப் பதிவில் தந்தையின் தொழில் 'நெசவாளர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. லங்காஷயரில் பயிர் செய்துகொண்டே வீட்டில் தறி போட்டவர்கள் நிறைய என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்த விவசாயியின் வழியைப் பிடித்து 1760 வரை போய்விட்டேன்.

எட்டு மாதம் கழித்து வேறு யாரையோ தேடி அடக்கப் பதிவேட்டைப் புரட்டியபோது, 1831 ஆம் ஆண்டுப் பக்கத்தின் ஆறாவது கட்டத்தில் அந்தப் பெயர் இருந்தது. அதே பண்ணை வீடு. வயது: 3. இணைய மரங்களில் ஏழு பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்துகொண்டிருப்பவர் அந்தக் குழந்தைதான்.

ஆகவே ஒரு ஞானஸ்நானம் கிடைத்ததும் அடுத்த பத்து ஆண்டு அடக்கப் பதிவுகளில் அதே பெயரைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகள் அவ்வளவு இறந்தார்கள். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பதும் வழக்கம். அதற்காகவும் தேடியாக வேண்டும். பிறகு திருமணப் பதிவில் உள்ள தந்தையின் பெயர், தொழில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாததற்கு நீங்களே காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கினீர்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள். பல சமயம் அது மணமக்களின் அண்ணனோ தங்கையோதான்.

7. ஆள் காணாமல் போனால் மதராஸையும் நினையுங்கள்

இரண்டு கணக்கெடுப்புகளில் ஓர் ஆண் மட்டும் இல்லை, பிறகு திரும்ப வருகிறார் என்றால் ராணுவமாக இருக்கலாம். அவருடைய பிள்ளை பிறந்த ஊர் 'ஈஸ்ட் இண்டீஸ், மதராஸ்' என்று இருந்தால் உங்கள் தேடல் நம் பக்கம் வருகிறது. மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் நேராக இங்கிருந்தே தொடங்குவது நல்லது.

8. ஆவணக் காப்பகத்துக்குப் போகும் நாள்

இணையத்தில் எல்லாம் இல்லை. மை பரவிய அந்த 1829 பக்கத்துக்காக நான் பிரெஸ்டனில் உள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அந்தக் காலத்தில் பாரிஷ் பாதிரியார்கள் ஆண்டுதோறும் தம் பதிவேட்டின் படி ஒன்றைப் பிஷப்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மூலம் கெட்டிருந்தால் அந்தப் படியைக் கேளுங்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

போவதற்கு முன் இணையப் பட்டியலில் ஆவண எண்ணைக் கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் நாள்களையும், முன்பதிவு வேண்டுமா என்பதையும் பாருங்கள். வாசகர் அட்டைக்குப் புகைப்படமும் முகவரியும் உள்ள அடையாளம் கேட்பார்கள். உள்ளே பென்சில் மட்டும். பேனா, தண்ணீர் பாட்டில், பை எல்லாம் லாக்கரில். படம் எடுக்கக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்.

என் கேள்விக்கு நாற்பது நிமிடம் ஆனது. பிஷப்புக்குப் போன படியில் அதே தேதி, அதே பெயர். தொழில் கட்டத்தில், மை பரவாமல், 'நெசவாளர்'. அன்று மாலையே மாமனாரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் பிரபு இல்லையா?" என்று கேட்டார்.